ஆன்மா போதாதா, உடல் எதற்கு? உயிர்த்தெழுதல் பற்றி வாசகர் கேள்விகள்

சாம்பல் புதனுக்குப் பின் இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உயிர்த்தெழுதலைப் பற்றியவை. கத்தோலிக்கர், சிஎஸ்ஐ சபையார், பெந்தெகொஸ்தே சபையார், சுசீந்திரத்திலிருந்து ஓர் இந்து வாசகர் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் வெவ்வேறு என்றாலும் பலவற்றின் அடியில் கிடப்பது ஒரே ஐயம்: ஆன்மா கடவுளிடம் போய்ச் சேர்ந்தால் போதாதா, உடலை எதற்கு உள்ளே கொண்டுவருகிறீர்கள்? அதை மனதில் வைத்தே பதில் தருகிறோம். வசன எண்கள் எல்லாத் தமிழ் வேதாகமங்களுக்கும் பொருந்தும்.

இயேசு உயிர்த்தெழவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மலைப்பொழிவும் உவமைகளும் அப்படியேதானே இருக்கின்றன? நல்ல கிறிஸ்தவனாக வாழ அவை போதாதா?
– கல்லூரி ஆசிரியர், நாகர்கோவில்

மலைப்பொழிவின் அருமை குறையாதுதான். ஆனால் அதை மனதில் வைத்து, எழுதி, நம் கைவரை கொண்டுவந்து சேர்க்க ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

முதல் நூற்றாண்டு யூதர்களின் கண்ணில் சிலுவைச் சாவு வெறும் தோல்வி அல்ல. மரத்தில் தொங்கவிடப்பட்டவன் கடவுளால் சபிக்கப்பட்டவன் என்கிறது உபாகமம் 21:23. மெசியா என்று நம்பப்பட்டவர் உரோமையர் கையில் செத்தால், அவர் மெசியா அல்ல என்பது அதோடு தீர்ந்துபோகும். தெயுதாஸ் கொல்லப்பட்டதும் அவன் ஆட்கள் சிதறினார்கள். கலிலேயனாகிய யூதாஸின் கூட்டத்துக்கும் அதே கதிதான் (அப்போஸ்தலர் பணிகள் 5:36-37). உரோமையரை எதிர்த்துக் கிளம்பிய பார் கொக்பா கி.பி. 135-ல் வீழ்ந்தபோதும் அவரைப் பற்றிய நம்பிக்கை அவரோடு முடிந்தது. வெள்ளிக்கிழமை மாலையில் இயேசுவின் சீடர்களும் இந்த வரிசையில்தான் நின்றார்கள். இஸ்ரயேலை மீட்கப்போகிறவர் அவரே என்று நம்பியிருந்தோம் என்று எம்மாவு வழியில் இருவர் புலம்பியதை லூக்கா 24:21-ல் வாசிக்கலாம்.

சிதறிப்போயிருக்க வேண்டிய இந்தக் கூட்டம் சில வாரங்களில் அதே எருசலேமில் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியது. அதற்கு அவர்கள் சொன்ன காரணம் ஒன்றுதான்: நீங்கள் கொன்றீர்கள், கடவுள் எழுப்பினார். மனிதரின் தீர்ப்பைக் கடவுள் திருப்பிவிட்டார் என்பதே பேதுருவின் முதல் பேச்சின் சாரம். இதனால்தான் இயேசுவின் போதனைக்கும் அதிகாரம் வருகிறது. பகைவரை நேசி என்று சொன்னவர் பகைவர் கையில் செத்து அங்கேயே முடிந்துபோனார் என்றால், அந்தப் போதனை அழகானது, ஆனால் நடைமுறைக்கு ஆகாதது என்றுதான் உலகம் சொல்லும். அவரைக் கடவுள் எழுப்பியதால் அந்த வழியே கடவுளின் வழி என்று ஆகிறது.

கொரிந்தியருக்குப் பவுல் இதைத் தப்பிக்க இடம் வைக்காமல் எழுதினார். 1 கொரிந்தியர் கடிதத்தின் காலம் ஏறத்தாழ கி.பி. 53-55; சிலுவை நடந்து கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை. அதன் 15-ஆம் அதிகாரத்தில் 13 முதல் 19 வரை வாசியுங்கள். கிறிஸ்து எழவில்லை என்றால் எங்கள் அறிவிப்பு வீண், உங்கள் விசுவாசம் வீண், நாங்கள் கடவுளின் பெயரால் பொய்ச்சாட்சி சொன்னவர்கள், நீங்கள் இன்னும் பாவத்தில் இருக்கிறீர்கள், இறந்துபோன நம்மவர்கள் அழிந்தே போனார்கள், எல்லா மனிதரிலும் இரங்கத்தக்கவர்கள் நாம். ‘போதனை போதும்’ என்று சொல்பவர் இந்த ஆறில் எதை மறுக்கிறார் என்று முதலில் சொல்ல வேண்டும்.

அடுத்த வசனத்தில், அதாவது 15:20-ல், கிறிஸ்துவை அவர் முதற்கனி என்கிறார். நிறைபுத்தரிக்கு வயலிலிருந்து முதற்கதிர் அறுத்து வருவதைக் கண்ட நாஞ்சில் நாட்டுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. முதற்கதிர் வேறு வயலின் கதிர் அல்ல. அது வந்துவிட்டதென்றால் அந்த வயலின் அறுப்பு தொடங்கிவிட்டது. யூதரிடமும் முதற்கதிர்க் கட்டை ஓய்வுநாளுக்கு மறுநாள் குரு கடவுள் திருமுன் அசைவாட்டும் முறை இருந்தது (லேவியர் 23:10-11). அவர் எழுந்ததும் நாம் எழப்போவதும் ஒரே அறுவடையின் இரு பகுதிகள் என்பதே பவுலின் வாதம். ஈஸ்டரை இயேசுவுக்கு மட்டும் நடந்த ஒரு அற்புதமாகப் பேசி முடிக்கும் பிரசங்கம் இந்த இரண்டாம் பகுதியை விட்டுவிடுகிறது. நம் ஊரில் இது அடிக்கடி நடப்பது வருத்தத்துக்குரியது.

லாசரும் உயிரோடு எழுந்தார், இயேசுவும் எழுந்தார். ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள் வித்தியாசம் கேட்கிறார்கள்.
– ஞாயிறுபள்ளி ஆசிரியை, குலசேகரம்

லாசரு, நாயீன் ஊர் விதவையின் மகன், யவீருவின் மகள் ஆகிய மூவரும் பழைய வாழ்வுக்கே திரும்பி வந்தார்கள். அவர்களுக்கு மறுபடி வயதாகும், நோய் வரும், சாவும் வரும். இயேசு திரும்பி வரவில்லை, சாவைக் கடந்து அப்பால் போனார். எழுந்த கிறிஸ்து இனி இறப்பதில்லை என்று ரோமர் 6:9 சொல்கிறது.

பிள்ளைகளுக்கு இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வாசித்துக் காட்டுங்கள். லாசரு கட்டுகளோடு வெளியே வந்தார், மற்றவர்கள் அவிழ்த்துவிட வேண்டியிருந்தது (யோவான் 11:44). இயேசுவின் கல்லறையில் துணிகள் மட்டும் கிடந்தன, தலைத் துணி தனியாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது (யோவான் 20:6-7). அந்த ஒரு வேறுபாட்டைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

இயேசுவை ஆவி என்று பிள்ளைகள் எண்ணிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் பொரித்த மீன் துண்டு ஒன்றைச் சீடர் கண்முன் சாப்பிட்டார் (லூக்கா 24:42-43). திபேரியாக் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்துக்கொண்டு, இரவெல்லாம் வலைவீசி வந்தவர்களைச் சாப்பிட அழைத்தார். அன்று வலையில் 153 பெரிய மீன்கள் (யோவான் 21:9-12). அதே வேளையில் பூட்டிய அறைக்குள் வந்து நிற்கிறார், தெரிந்தவர்களாலேயே உடனே அடையாளம் காணப்படாமல் இருக்கிறார். அது உடல்தான், ஆனால் மாற்றம் அடைந்த உடல். விதைத்த மணி வேறு, முளைத்துவரும் பயிர் வேறு என்று பவுல் 1 கொரிந்தியர் 15:36-38-ல் எழுதுவது இதைத்தான்.

நான்கு நற்செய்திகளும் உயிர்ப்பை நான்கு விதமாகச் சொல்கின்றன. சாட்சிகள் முரண்பட்டால் வழக்கு நிற்குமா?
– சட்டக் கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

முரண்கள் இருக்கின்றன, மறைக்க வேண்டியதில்லை. மத்தேயுவில் கல்லறைக்குப் போனவர்கள் இரண்டு மரியாள்கள். மாற்கில் சலோமியும் சேர்ந்து மூவர். லூக்கா யோவன்னாவையும் வேறு பெண்களையும் சேர்க்கிறார். யோவானில் மகதலேனா மரியாள் மட்டுமே பெயரால் வருகிறார். ஆனால் 20:2-ல் அவரே ‘எங்களுக்குத் தெரியவில்லை’ என்று பன்மையில் பேசுகிறார். வானதூதர் ஒருவரா இருவரா என்பதிலும் வேறுபாடு உண்டு. மாற்கின் முடிவில் 16:9-20 என்னும் பகுதி, மிகப் பழைய கையெழுத்துப் படிகளான சீனாய், வத்திக்கான் படிகளில் இல்லை. அவை 16:8-ஓடு நிற்கின்றன. உங்கள் வேதாகமத்தின் அடிக்குறிப்பிலேயே இது இருக்கக்கூடும், பாருங்கள்.

இனி எல்லோரும் ஒத்துச் சொல்வதைக் கவனியுங்கள். வாரத்தின் முதல் நாள் அதிகாலை, கல்லறை திறந்திருந்தது, உடல் இல்லை, முதலில் கண்டவர்களில் மகதலேனா மரியாள் இருந்தார். கடைசி விவரம்தான் கனமானது. பெண்களின் சாட்சியத்தை ஏற்கக்கூடாது என்று அக்காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பெண்கள் சொன்னது சீடர்களுக்கே வெறும் பிதற்றலாகத் தோன்றியது (லூக்கா 24:11). கதை கட்ட நினைத்தவர் பேதுருவை அல்லவா முதலில் கல்லறைக்கு அனுப்பியிருப்பார்? உயிர்த்தெழுந்த கணத்தை நால்வரில் எவரும் வருணிக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காணாததை அவர்கள் எழுதவில்லை.

சட்டம் படிக்கும் உங்களுக்கு இன்னொரு ஆவணம். நற்செய்திகளுக்கு முந்தியது 1 கொரிந்தியர் 15:3-8. அதில் பவுல் தாம் பெற்றுக்கொண்டதையே ஒப்படைப்பதாகச் சொல்லி, கேபா (பேதுரு), பன்னிருவர், 500-க்கு மேற்பட்ட சகோதரர், யாக்கோபு, அப்போஸ்தலர் எல்லோரும், கடைசியாகத் தாம் என்று சாட்சிகளை வரிசைப்படுத்துகிறார். 500 பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் எழுதுகிறார். போய் விசாரிக்கலாம் என்பது அதன் பொருள். இவர் எங்கே பெற்றார்? கலாத்தியர் 1:18-19-ல் எருசலேம் போய்க் கேபாவோடு 15 நாள் தங்கியதையும், ஆண்டவரின் சகோதரர் யாக்கோபைக் கண்டதையும் சொல்கிறார். வரிசையில் பெயர் சொன்ன இருவரையும் நேரில் சந்தித்தவர் அவர். இது விசுவாசத்தைக் கட்டாயப்படுத்தும் நிரூபணம் அல்ல. பிற்காலத்துப் புனைவு என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு இது போதும்.

வெள்ளி மாலை அடக்கம், ஞாயிறு விடியலில் உயிர்ப்பு. எப்படிக் கூட்டினாலும் மூன்று இரவு வரவில்லையே?
– வாசகர், கருங்கல்

மணிக்கணக்கில் 36-க்குப் பக்கம்தான் வரும். யூதர் நாளின் ஒரு பகுதியையும் ஒரு நாளாக எண்ணினார்கள், நாளைச் சூரியன் மறையும்போது தொடங்கினார்கள். வெள்ளியின் கடைசிப் பகுதி ஒன்று, வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை இரண்டு, சனி மாலைக்குப் பின் மூன்று. எஸ்தர் 4:16-ல் மூன்று நாள் இரவும் பகலும் உண்ணாதிருங்கள் என்று சொல்லிவிட்டு 5:1-ல் மூன்றாம் நாளே எஸ்தர் அரசனிடம் போகிறாள். மத்தேயு 12:40-ன் ‘மூன்று பகல் மூன்று இரவு’ அதே வழக்குதான்.

என் அண்ணன் ஒக்கிப் புயலில் போனவர். உடல் கிடைக்கவில்லை. கல்லறை இல்லாதவருக்கு உயிர்த்தெழுதல் உண்டா? ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் எங்கே மெழுகுதிரி ஏற்றுவது என்று தெரியாமல் அம்மா நிற்கிறார்.
– வாசகி, தூத்தூர்ப் பகுதி

உண்டு, சகோதரி. வேதாகமம் இதைப் பெயர் சொல்லியே பேசுகிறது. கடைசிக் காட்சியில் கடல் தன்னிடத்திலிருந்த இறந்தோரை ஒப்புவித்தது என்று வெளிப்படுத்தல் 20:13-ல் எழுதியிருக்கிறது. சாவையும் பாதாளத்தையும் சொல்லும் முன்பே கடலைச் சொல்லியிருப்பதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் கேள்வி சபையின் ஆரம்பத்திலேயே இரத்தம் சிந்திக் கேட்கப்பட்ட கேள்வி. கி.பி. 177-ல் கால் நாட்டின் (இன்றைய பிரான்சு) லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள், உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கொட்டினார்கள். இவர்களுக்கு உயிர்த்தெழும் நம்பிக்கையே இருக்கக்கூடாது என்பதற்காகச் செய்தோம் என்று அவர்களே சொன்னதாக அங்கிருந்து எழுதப்பட்ட கடிதத்தைப் பழங்காலத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியு தம் நூலில் சேர்த்திருக்கிறார். அந்தச் சபை தளரவில்லை, ஆற்றில் போனவர்களைச் சாட்சிகளாகவே கொண்டாடியது. விலங்கு தின்ற உடல், தீ தின்ற உடல், நீரில் கரைந்த உடல் என்ன ஆகும் என்று கேட்டவர்களுக்கு அகுஸ்தீனார் ஐந்தாம் நூற்றாண்டில் விரிவாகப் பதில் எழுதினார். ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தவருக்கு, எங்கே சிதறினாலும் தம் படைப்பு மறைவதில்லை என்பதே அதன் சாரம். நம் குமரி மாவட்டத்திலேயே, 1752 சனவரி 14-ல் காற்றாடிமலையில் சுடப்பட்ட தேவசகாயத்தின் உடல் காட்டில் எறியப்பட்டது. பின்னர் எஞ்சியதைச் சேகரித்தே கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். 2022 மே 15-ல் அவரைப் புனிதர் என்று அறிவிக்க, உடல் முழுமையாகக் கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லை.

செய்யக்கூடியவை சில. உடல் இல்லாமலும் இறந்தோருக்கான திருப்பலியை முழுமையாக ஒப்புக்கொடுக்கலாம். அது இதுவரை நடக்கவில்லை என்றால் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். குடும்பக் கல்லறை இருந்தால் அதில் அண்ணன் பெயரையும் தேதியையும் பொறியுங்கள். இல்லையென்றால் கடலில் போன எல்லோரின் பெயரும் கொண்ட ஒரு கல்லைக் கல்லறைத் தோட்டத்திலோ குருசடி அருகிலோ நிறுத்தப் பங்குப்பேரவையில் பேசலாம். நவம்பர் 2-ல் மந்திரிப்பின்போது அதன் முன் அம்மா மெழுகுதிரி ஏற்றலாம். துணியையோ படத்தையோ பெட்டியில் வைத்துப் புதைக்க வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். சபை அதைக் கேட்கவில்லை, அதனால் இறந்தவருக்கு எதுவும் கூடுவதுமில்லை. அம்மாவின் காயத்தை அது மறுபடி கீறிவிடும் என்றே நினைக்கிறோம். அடக்கம் செய்யாததால்தான் குடும்பத்தில் நோய் வருகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது கிறிஸ்தவப் போதனை அல்ல.

உயிர்த்தெழுதலும் எங்கள் மறுபிறவி நம்பிக்கையும் ஒன்றுதானே? பெயர்தான் வேறா?
– வாசகர், சுசீந்திரம்

அன்போடு கேட்டிருக்கிறீர்கள், நேராகச் சொல்வதே மரியாதை. ஒன்றல்ல. மறுபிறவியில் உயிர் ஒன்று, உடல்கள் பல. உடலெடுக்கும் சுழற்சியிலிருந்து விடுபடுவதே வீடுபேறு. கிறிஸ்தவ நம்பிக்கையில் வாழ்வு ஒருமுறை (எபிரேயர் 9:27). மீட்கப்படுவது உடலோடு கூடிய அதே ஆள். உங்கள் மரபு உடலிலிருந்து விடுதலை கேட்கிறது, கிறிஸ்தவம் உடலுக்கே விடுதலை கேட்கிறது. விசுவாச அறிக்கையில் கத்தோலிக்கரும் சிஎஸ்ஐ சபையாரும் ஞாயிறுதோறும் சொல்வது ஆன்மாவின் அழியாமையை அல்ல, உடல் உயிர்த்தெழுதலை. கிறிஸ்தவர் பலரே இதைக் கவனிக்காமல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நல்வினை தீவினைக்குக் கணக்கு உண்டு என்பதில் இரு மரபுகளும் நெருங்குகின்றன. அந்தக் கணக்கு தீரும் வழியில் பிரிகின்றன.

எங்கள் பங்கில் பாஸ்கா திருவிழிப்பு (ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாடு) ஏற்பாடு இளைஞர் இயக்கத்திடம் வந்திருக்கிறது. போன ஆண்டு நெருப்பு காற்றில் அணைந்தது, தூபத்துக்குக் கரி இல்லை, எல்லாம் குழப்பம். முறையாகச் சொல்ல முடியுமா?
– இளைஞர் இயக்கம், முட்டம்

நேரத்திலிருந்து தொடங்குவோம். திருவிழிப்பு இரவில்தான்: இருட்டிய பின் தொடங்கி ஞாயிறு விடியுமுன் முடிய வேண்டும். ஏப்ரலில் நம் பக்கம் சூரியன் மறைய மாலை ஆறரை ஆகும், முழுதாக இருட்ட இன்னும் முக்கால் மணி. ஆகவே வழக்கமான சனி மாலைத் திருப்பலி நேரத்தில் வைத்தால் பிழை. ஒருகாலத்தில் இது சனிக்கிழமை காலையிலேயே நடந்து, வெயிலில் ‘இந்த இரவு’ என்று பாடிக்கொண்டிருந்தார்கள். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-ல் சோதனையாகவும் 1955-ல் நிலையாகவும் அதை இரவுக்கு மீட்டார்.

நெருப்பு. மண்ணெண்ணெயும் காகிதமும் ஊற்றி மூட்டினால் சுடர் எழும்பி அடங்கிவிடும், கனல் மிஞ்சாது. தூபக்கலத்துக்கான கரியை இந்த நெருப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும், உங்கள் பங்கில் கரி இல்லாமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கும். அடியில் காய்ந்த சிரட்டை, மேலே விறகு, பற்றவைக்கக் கொதும்பு என்று அடுக்கிச் சடங்குக்கு அரைமணி நேரம் முன்பே மூட்டுங்கள். இடுக்கி ஒன்று கட்டாயம். கடற்கரையில் கோவில் சுவரின் காற்று மறைவில் இடம் பாருங்கள். பாஸ்கா திரிக்குச் சுடர் எடுத்துப் போகும் சிறு திரியைக் கையால் மறைக்க ஒருவர் நிற்கட்டும்.

பாஸ்கா திரி மெழுகில் செய்ததாக, புதியதாக, ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். போன ஆண்டுத் திரியில் எண்ணை மாற்றி ஒட்டுவதும், எண்ணெய் ஊற்றும் பிளாஸ்டிக் குழலும் கூடாது. குருவானவர் சிலுவை வரைந்து, மேலே அகரம், கீழே னகரம், சிலுவைக் கைகளுக்கு இடையே நடப்பு ஆண்டின் நான்கு எண்கள் பொறித்து, ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதிப்பார். மணிகள் உதிர்ந்து விழுவது வழக்கமான தொல்லை. மதியமே ஆணியைச் சூடாக்கி ஐந்து குழி போட்டுவைத்தால் அழுத்தியதும் நிற்கும்.

கோவிலுக்குள் ஒரு விளக்கும் எரியக்கூடாது. சீரியல் பல்பு, குடில் விளக்கு எல்லாவற்றுக்கும் முதன்மைச் சுவிட்ச் அருகே ஒருவரை நிறுத்துங்கள். ‘கிறிஸ்துவின் ஒளி’ மூன்று முறை: வாசலில், நடுவில், பீடத்தின் முன். இரண்டாம் முறைக்குப் பின் மக்கள் தம் திரிகளை அந்தச் சுடரிலிருந்து ஏற்றுவார்கள், தீப்பெட்டி வேண்டாம். மூன்றாவதற்குப் பின்னரே கோவில் விளக்குகள். பீடத்தின் மெழுகுதிரிகள் ‘உன்னதங்களிலே’ பாடும்போது.

வாசகங்கள் பழைய ஏற்பாட்டில் ஏழு, பிறகு ரோமர் 6, பிறகு நற்செய்தி. சூழல் இடம் தராவிட்டால் பழைய ஏற்பாட்டில் மூன்றுவரை குறைக்கலாம், செங்கடலைக் கடந்த விடுதலைப் பயணம் 14-ஐ மட்டும் விடவே முடியாது. நேரம் ஆகிறது என்று வாசகத்தை வெட்டிவிட்டு அறிவிப்புக்கும் நன்றியுரைக்கும் கால்மணி கொடுக்கும் பழக்கத்தை உங்கள் தலைமுறை நிறுத்தட்டும். திரி பெந்தெகொஸ்தே வரை பீடத்தருகே நிற்கும், பின் திருமுழுக்குத் தொட்டியருகே. அடக்கத் திருப்பலியில் சவப்பெட்டியின் அருகில் எரிவதும் அதே திரிதான். அந்த உடல் திருமுழுக்குப் பெற்ற உடல், எழப்போகும் உடல் என்பதற்காக.

சிஎஸ்ஐ நண்பர்கள் ஞாயிறு விடியலில் கூடுவதைப் பழைய முறையைக் கைவிட்டதாக எண்ண வேண்டாம். இருட்டோடு கல்லறைக்குப் போன மரியாளின் நேரத்தை (யோவான் 20:1) அவர்கள் பிடித்திருக்கிறார்கள்.

ஈஸ்டர் தேதி ஏன் ஆண்டுதோறும் மாறுகிறது?
– மாணவி, கொட்டாரம்

மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு. எனவே மார்ச் 22-க்கு முன்பும் ஏப்ரல் 25-க்குப் பின்பும் வராது. நம் கணக்கில் பெரும்பாலும் பங்குனிப் பௌர்ணமியை அடுத்து வரும். முழுநிலவே ஞாயிறில் வந்தால் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போகும். 2025-ல் ஏப்ரல் 13 ஞாயிறு முழுநிலவு, அதனால் ஈஸ்டர் ஏப்ரல் 20. அடுத்து 2026-ல் ஏப்ரல் 5, 2027-ல் மார்ச் 28, 2028-ல் ஏப்ரல் 16.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடமே இல்லை. தகனம் செய்தால் உயிர்த்தெழுதலை மறுப்பதாகுமா?
– வாசகர், தக்கலை

ஆகாது. கில்யாத்தின் யாபேசு ஊரார் சவுலின் உடலையும் அவன் மக்களின் உடல்களையும் எரித்து எலும்புகளை அடக்கம் செய்தார்கள் (1 சாமுவேல் 31:12-13). தாவீது அவர்களை வாழ்த்தினான். சிஎஸ்ஐ முதலிய சபைகளில் அடக்கமே வழக்கம், ஆனால் எரிப்பதைப் பாவம் என்று விதிக்கும் வசனம் இல்லை.

கத்தோலிக்கத் திருச்சபை 1963-ல் தகனத்துக்கு அனுமதி கொடுத்தது. அடக்கத்தையே இன்னும் பரிந்துரைக்கிறது. 2016-ல் வந்த அறிவுறுத்தலின்படி சாம்பலைக் கல்லறைத் தோட்டம் போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும். காற்றிலோ நீரிலோ நிலத்திலோ தூவக்கூடாது. 2023 டிசம்பரில் ஒரு சிறு பகுதியை இறந்தவருக்கு முக்கியமான இடத்தில் வைக்கத் திருச்சபை அதிகாரி சில நிபந்தனைகளோடு இணங்கலாம் என்று தளர்த்தினார்கள். நம் பக்கம் நடக்கும் தவறு, குமரி முக்கடலில் கரைத்துவிட்டுப் பிறகு பங்குத்தந்தையிடம் வருவது. அப்போது செய்ய ஒன்றும் இருக்காது. தகனத்துக்கு முன்பே பேசுங்கள், திருப்பலியை உடல் இருக்கும்போதே வையுங்கள், சாம்பலை மூடியுள்ள கலத்தில் பெயரும் தேதியும் எழுதி வாங்குங்கள். ஒரு பெட்டிக்கான இடத்தில் பல கலங்கள் வைக்கும் மாடச் சுவர் கட்டினால் உங்கள் ஊரின் இடப் பிரச்சினையும் தீரும். பெந்தெகொஸ்தே சபையார் தம் போதகரைக் கேட்பது நல்லது, சபைக்குச் சபை நிலை மாறுகிறது.

அப்பா கண்தானம் செய்யச் சொல்லியிருக்கிறார். கண் இல்லாமல் எப்படி உயிர்த்தெழுவார் என்று அத்தை மறுக்கிறார்.
– வாசகி, அருமனை

எழுந்த இயேசுவின் உடலில் ஆணித் தழும்பும் விலாக் காயமும் இருந்தன, தோமாவிடம் அவற்றைத்தான் காட்டினார் (யோவான் 20:27). அன்பினால் ஏற்ற இழப்பு அந்த உடலுக்குக் குறையாக இல்லை, அடையாளமாக இருந்தது. அத்தையிடம் இதைச் சொல்லுங்கள். மண்ணில் அடக்கம் செய்த கண்ணும் சில காலத்தில் மண்ணாகத்தான் போகிறது என்பதையும் சொல்லுங்கள். உடலை மதிக்கும் நம்பிக்கை என்பதால்தான் கண்ணை வீணாக்காமல் கொடுக்கிறோம்.

நடைமுறையில் தவறுவது நேரத்தில்தான். இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்கள் எடுக்கப்பட வேண்டும்; உறவினர் வந்து கூடட்டும் என்று காத்திருந்தால் கருவிழி பயனற்றுப் போகும். இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வையுங்கள், மேலே ஓடும் மின்விசிறியை நிறுத்துங்கள், இல்லையேல் விழி உலரும். தலைக்கு இரண்டு தலையணை வைத்து உயர்த்தினால் இரத்தக் கசிவு குறையும். உடனே கண்வங்கிக்கோ அரசு மருத்துவமனைக்கோ சொல்லுங்கள். எண்ணை இப்போதே எழுதிவையுங்கள். அப்பா படிவத்தில் கையெழுத்திட்டிருந்தாலும் நெருங்கிய உறவினர் ஒருவரின் சம்மதம் அந்த நேரத்தில் வேண்டும், ஆகவே அத்தையோடு முன்பே பேசி முடியுங்கள். கண்ணாடி அணிந்தவர், கண்புரை அறுவை செய்தவர், சர்க்கரை நோய் உள்ளவர் எவரும் கொடுக்கலாம். வெறிநாய்க்கடி நோய், எச்ஐவி, மஞ்சள்காமாலைக் கிருமி, இரத்தத்தில் நச்சுத்தொற்று போன்றவற்றால் இறந்தவரின் கண்கள் ஏற்கப்படுவதில்லை. எடுக்க அரைமணி நேரம் போதும், முகம் விகாரமாகாது. அடக்க ஆராதனையை வழக்கம்போல் நடத்தலாம், பெட்டியைத் திறந்து வைக்கவும் தடையில்லை.

முழு உடல்தானம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் முன்கூட்டியே விசாரியுங்கள். பிரேதப் பரிசோதனை செய்த உடலை ஏற்கமாட்டார்கள். ஒப்படைக்கும் முன் வீட்டிலோ கோவிலிலோ இறுதி ஆராதனையை முடித்துவிடலாம். போதகரிடம் நேரத்தைச் சொல்லிவைத்தால் அவர் அதற்கேற்பச் சுருக்கி நடத்துவார்.